நாடியும் நாடாவும்

ஆனி பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே கிழக்கே இறங்கத் தொடங்கியதும், குற்றாலத்துக்குச் சீசன் வந்துவிட்டது என்று சொல்லுவது தென்பாண்டி நாட்டு வழக்கம். அந்தச் சீசனைத் தேடி வருகிறவர்களில் உல்லாசத்துக்காக வருகிறவர்களே பெரும்பாலோர் என்றாலும், உடம்பில் ஏதோ ஒரு குறையை வைத்துக்கொண்டு, மூலிகைக் காடுகளின் ஊடே பாய்ந்து வரும் தண்ணீர் அதைத் தீர்த்துவைக்கும் என்ற நம்பிக்கையோடு வருகிறவர்களும் என்றைக்கும் இருந்திருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றால் வாதப் பிடிப்பு விடும் என்பதும், உச்சந்தலையில் விழும் நீரின் வேகம் சித்தப்பிரமையைத் தெளிவிக்கும் என்பதும் இப்பக்கத்து ஜனங்களின் நெடுநாளைய அபிப்பிராயம். கம்பெனி ஆட்சிக் காலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் இங்கே தோட்டம் போட்டு வளர்க்கப்பட்டன, திருநெல்வேலி ஜில்லாவின் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் சாரல் மாதங்களில் இங்கே வந்து தங்குவதை ஒரு மரபாகவே வைத்திருந்தார்கள், ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தமது பிற்காலத்தை இங்கே கழித்து, ராஜாஜியையும் கல்கியையும் விருந்தினராக வரவழைத்து, 1954இல் இவ்வூரிலேயே காலமானார். இவ்வாறு ஆரோக்கிய ஸ்தலம் என்று பெயர் பெற்ற குற்றாலத்திலும், அதற்குக் கிழக்கே சுமார் ஐந்து கிலோமீட்டர் தூரத்தில், பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த தென்காசியிலும், மனிதனுடைய இருதயத்தின் நிலையை அறிவதற்கு யார் யார் எந்தெந்த விதமாக முயன்றார்கள் என்பதைக் காலக்கிரமமாகப் பார்த்தால், இன்றைக்கு உலகமெங்கும் கேட்கப்படுகிற ஒரு கேள்விக்கு, அதாவது இருதயத்தின் ரேகையைப் படிப்பதில் வைத்தியர் வல்லவரா, செயற்கை நுண்ணறிவு வல்லதா என்ற கேள்விக்கு, இப்பிரதேசத்தின் சரித்திரமே ஒரு விடை வைத்திருப்பது புலனாகும்.

பொதிகை மலை அகத்தியருடைய இருப்பிடம் என்பது தமிழர் மரபு. அந்த மரபு இங்கே வெறும் புராணமாக நின்றுவிடாமல், ஊருக்கு ஊர் ஸ்தலக் கதைகளாக வேர்விட்டிருக்கிறது. தென்காசியிலிருந்து கடையத்துக்குப் போகும் வழியில் இருக்கும் தோரணமலையை அகத்தியரும் அவருடைய சீடர் தேரையரும் வைத்தியம் பயின்ற இடமாகச் சொல்லுவார்கள். ஓர் அரசனுடைய மண்டையோட்டைத் திறந்து பார்த்த அகத்தியர், உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த தேரையை எப்படி அகற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில், பக்கத்தில் நின்ற சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் கண்ணில் படும்படி அலைத்தான் என்றும், தேரை தானாகவே தண்ணீருக்குள் குதித்தது என்றும், அதனாலேயே அவனுக்கு அந்தப் பெயர் வந்தது என்றும் கதை செல்லுகிறது. சரித்திர ஆராய்ச்சிக்கு இந்தக் கதை அகப்படாது. ஆயினும், கருவியை எடுப்பதற்கு முன்னால் கண்ணால் கவனிக்கிறவனே நல்ல வைத்தியன் என்று இந்தச் சீமையின் மக்கள் கருதியிருக்கிறார்கள் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

அந்தக் கவனிப்பின் சிகரமாகச் சித்த வைத்தியர்கள் கொண்டது நாடிப் பரீட்சை. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு வகையான தேர்வுகளை வகுத்து, அவற்றுள் நாடிக்கே முதல் ஸ்தானம் கொடுத்தார்கள். மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்புறத்தில், வைத்தியர் தம்முடைய மூன்று விரல்களை வரிசையாக வைப்பார். ஆள்காட்டி விரலுக்கு வாதமும், நடுவிரலுக்குப் பித்தமும், மோதிர விரலுக்கு ஐயமும் தட்டுப்படும். ஆரோக்கியமுள்ள தேகத்தில் இம்மூன்றும் ஒன்று, அரை, கால் என்ற மாத்திரைக் கணக்கில் அமைந்திருக்கும். ஆணுக்கு வலக்கையும் பெண்ணுக்கு இடக்கையும் பார்ப்பது முறை. வாதத்தின் நடை அன்னமும் கோழியும் மயிலும் நடப்பதை ஒக்கும் என்றும், பித்தத்தின் நடை ஆமையையும் அட்டையையும் ஒக்கும் என்றும், ஐயத்தின் நடை தவளையும் பாம்பும் செல்லுவதை ஒக்கும் என்றும் நாடி நூல்கள் சொல்லுகின்றன. எழுத்தில் படித்தால் வினோதமாகத் தோன்றும் இந்த உவமானங்கள், வரைபடம் என்பதே இல்லாத காலத்தில், விரல்நுனியில் உணரப்படும் ஒரு அசைவை இன்னொருவனுக்குக் கற்பிப்பதற்கு ஆசிரியர்கள் கண்டுபிடித்த பரிபாஷை என்பதை உணர்ந்தால், அவற்றின் நுட்பம் விளங்கும். எண்ணெய் முழுக்குக்குப் பின்னும், உண்ட உடனேயும், ஓடிவந்த இளைப்பிலும் நாடி உண்மையைச் சொல்லாது என்பதும் அந்த நூல்களின் விதி. சீசன் காலத்துக் குற்றாலத்தில் இந்த விதியைக் காப்பாற்றுவது வைத்தியருக்குச் சுலபமாக இருந்திராது.

இந்த வித்தை ஏட்டுச் சுவடியால் மாத்திரம் வந்ததன்று. தகப்பனிடத்தில் மகனும், குருவினிடத்தில் சீடனும் வருஷக் கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பிடித்த கையைத் தாமும் பிடித்து, அவர் சொன்னதைத் தம் விரல் உணர்ந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அதை அடைந்தார்கள். வைத்தியர் அதே ஊரில் வசிப்பவர்; நோயாளி என்ன தொழில் செய்கிறான், என்ன சாப்பிடுகிறான், வீட்டில் என்ன சச்சரவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்; ஆகவே மணிக்கட்டில் அவர் அறிந்தது பாதி என்றால், மணிக்கட்டைத் தொடுவதற்கு முன்பே அறிந்திருந்தது மற்றப் பாதி. நாடி விழுந்துவிட்டது, உறவினருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று திண்ணையில் இறங்கி நின்று சொல்ல வேண்டியவரும் அவரே. அப்படிச் சொன்ன பிறகு நோயாளி பிழைத்து எழுந்தால், மறுநாள் தெருவில் அவனை எதிர்கொள்ள வேண்டியவரும் அவரே.

இத்தனை பெருமைகளோடு ஒரு பெருங்குறையும் அதற்கு இருந்தது. விரல் உணர்ந்தது விரலோடு மறைந்துபோயிற்று. நேற்றைய நாடியை இன்றைய நாடியோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கோ, தென்காசி வைத்தியர் ஒருவர் கண்டதைச் சங்கரன்கோவில் வைத்தியர் ஒருவர் சரிபார்ப்பதற்கோ, பிழை செய்தவர் எந்த இடத்தில் பிழை செய்தார் என்று சீடர்களுக்கு எடுத்துக்காட்டுவதற்கோ வழியே இல்லை. இந்தக் குறை நமக்கு மாத்திரம் உரியதன்று. ஐரோப்பாவிலும் நாடி பிடிக்கும் வைத்தியர்கள் இதே தடையில்தான் நின்றார்கள். 1860இல் பிரெஞ்சு தேசத்து மாரே என்பவர் நாடியின் துடிப்பைக் காகிதத்தில் கோடாக இழுக்கும் ஒரு கருவியை இயற்றினார். 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர், இருதயம் துடிக்கும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்சாரத்தை, தேகத்தைத் திறக்காமலே வெளியிலிருந்து பதிவு செய்யலாம் என்று காட்டினார். அதைத் துல்லியமான சாஸ்திரமாக்கியவர் ஹாலந்து தேசத்து வில்லெம் ஐந்தோவன். குற்றாலத்தின் ஜாதிக்காய்க்குப் பூர்வீகமான கீழைத் தீவுக்கூட்டத்தில், ஜாவாவின் ஸெமராங் நகரத்தில், 1860இல் பிறந்தவர். வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழையொன்றைக் காந்தப் புலத்தின் நடுவில் நிறுத்தி, அதன் அசைவின் நிழலைப் புகைப்படத் தாளில் விழச் செய்தார். அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டவரும் அவரே. அந்த யந்திரத்தின் எடை சுமார் 270 கிலோ. அதை இயக்குவதற்கு ஐந்து பேர் வேண்டியிருந்தார்கள். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1924இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பெரிய யந்திரத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல முடியாததனால் ஐந்தோவன் செய்த ஓர் உபாயம், வைத்திய சரித்திரத்தில் அவருடைய யந்திரத்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையதென்று நான் கருதுகிறேன். 1905இல், லைடன் நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளியின் இருதய மின்சாரத்தைத் தொலைபேசிக் கம்பி வழியே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த தமது ஆராய்ச்சிசாலைக்கு வரவழைத்து, அங்கே உட்கார்ந்து படித்தார். நோயாளியின் கையைத் தொடாமலும் முகத்தைக் காணாமலும் அவனுடைய இருதயத்தைப் பற்றி ஒருவர் முடிவு சொல்லலாம் என்ற நிலை அன்றைக்கு ஏற்பட்டது. தொடுவது ஓரிடத்திலும் படிப்பது வேறோரிடத்திலுமாக வைத்தியம் இரண்டாகப் பிரிந்தது. தென்காசியின் பிற்காலக் கதை முழுவதும் இந்தப் பிரிவினையின் கதைதான்.

1912இல் அமெரிக்க வைத்தியரான ஹெரிக், மாரடைப்பு நேர்ந்தவுடன் மரணம் நிச்சயமன்று, பிழைத்தவர்களும் உண்டு என்று எடுத்துக்காட்டினார். 1920இல் பார்டி என்பவர், அந்த வேளையில் ரேகையின் எஸ்.டி. பகுதி மேலே தூக்கி நிற்பதை அடையாளமாகக் கண்டார். 1930களிலும் 1940களிலும் மார்பின் மேல் வைக்கும் லீடுகளும் மற்றவையும் சேர்ந்து, இருதய மின்சாரத்தை வெவ்வேறு கோணங்களிலிருந்து காட்டும், இன்று எல்லோருக்கும் தெரிந்த பன்னிரண்டு லீடுகள் அமைந்தன. ஒரு விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும் தாள் நாடா, அதில் ஒரு சிறு கட்டத்துக்கு 0.04 விநாடி என்ற கணக்கு நிலைபெற்றது. ஆனால் மின்சாரத்தை நம்பிய இந்தச் சாஸ்திரம், மின்சாரமே இல்லாத ஊர்களுக்கு எப்படி வரும்? பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியதன் பின்புதான் தாமிரபரணிச் சீமையில் மின்சாரம் பரவுவதற்கு நல்ல வழி ஏற்பட்டது.   திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல் தோன்றியது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1964இல், பாளையங்கோட்டையில் அரசாங்கத்துச் சித்த மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நாடி பார்க்கக் கற்பிக்கும் கல்லூரியும் நாடா படிக்கக் கற்பிக்கும் கல்லூரியும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே நகரத்தின் இரண்டு பகுதிகள் போன்ற இடங்களில் பிறந்தது விசேஷமான பொருத்தம்.

மலைக்கு அப்பால் பாலக்காட்டில் 1963இல் தொடங்கிய பி.பி.எல். நிறுவனம் இ.சி.ஜி. யந்திரங்களை இந்தத் தேசத்திலேயே செய்து விற்கலாயிற்று. காலப்போக்கில், ஐந்து பேர் இயக்க வேண்டியிருந்த யந்திரம் ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கிச் சிறிய ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கும் வந்துசேர்ந்தது. கை கால்களில் கவ்வியை மாட்டி, மார்பில் ஜெல்லியைத் தடவி, ரப்பர் உருண்டைகளை ஒட்டவைத்து, ஓடிவரும் நாடாவைக் கத்தரித்து ஒட்டும் வேலை ஜனங்களுக்குப் பழக்கமான காட்சியாயிற்று. நெஞ்சு வலித்தால் முதலில் வாயு என்று வீட்டிலேயே ஒரு முடிவு கட்டி, சுக்குக் கஷாயமோ சோடாவோ குடித்துப் பார்த்து, பொழுது கழிந்த பின்பு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறவர்கள், இ.சி.ஜி. எடுத்தாயிற்று, நார்மல் என்ற வார்த்தையைக் கேட்டதும், அதை ஜாதகத்தின் பலனைப் போல எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பக் கற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு ரேகை அந்த ஒரு நிமிஷத்துக்குரிய சாட்சி என்பதும், மாரடைப்பின் ஆரம்பத்தில் ரேகை மாறாமலே இருப்பதும் உண்டு என்பதும், அதனாலேயே நாடாவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டும் என்பதும் வைத்தியர்களுக்குத் தெரிந்த அளவு ஜனங்களுக்குத் தெரியவில்லை.

இதற்கிடையே நாடிப் பரீட்சைக்கு நேர்ந்தது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். 1921இல் சென்னை ராஜதானி அரசாங்கம் முகம்மது உஸ்மான் தலைமையில் சுதேச வைத்திய முறைகளை ஆராய ஒரு கமிட்டியை அமைத்தது. 1923இல் அது அறிக்கை தந்தது. அதன் பயனாகச் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளியும் ஏற்பட்டது. அதன் பின்னர்க் கல்லூரிகளும் பட்டங்களும் வந்தன. நாடி நூல்கள் அச்சேறின. இன்றும் பாடத்திட்டத்தில் நாடி இருக்கிறது. ஆயினும், மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து, மற்றொன்றையும் கேளாமல் ஒரு தீர்ப்புச் சொல்லத் துணிகிற பழைய கை, இந்தச் சீமையின் கிராமங்களில் ஒவ்வொன்றாக அற்றுப்போயிற்று. நூறு நோயாளிகளை முன்னே நிறுத்தி நாடியையும் நாடாவையும் ஒப்பிட்டு, நாடி தோற்றது என்று எவரும் அறிவித்ததனால் அது போகவில்லை. மெய்யான பரீட்சை நடந்திருந்தால் அது எதை அறியும், எதை அறியாது என்பதாவது தெளிவாகியிருக்கும். பக்கத்திலே நாடா வந்துவிட்டபடியால், விரலால் அறிய வேண்டிய அவசியம் குறைந்தது. அவசியம் குறைந்தபடியால் அப்பியாசம் குறைந்தது. அப்பியாசம் குறைந்தபடியால் வித்தை குறைந்தது. தோல்வியினால் அழிந்த வித்தைகளைக் காட்டிலும் உபயோகமின்மையால் தேய்ந்த வித்தைகளே உலகத்தில் அதிகம்.

இனி, நாடாவைப் படிக்கும் மனிதனுக்கு யந்திரம் போட்டியாக வந்த வரலாறு. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்தில், போர்வீரர்களுக்கான ஆஸ்பத்திரியில், ஹூபர்ட் பிப்பர்கர் என்பவர் 1950களின் பிற்பகுதியிலேயே இருதய ரேகைகளை எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்குக் கொடுக்கும் முயற்சியைத் தொடங்கினார். பின் வந்த இருபது முப்பது வருஷங்களில், நாடாவின் தலைப்பிலேயே தன் அபிப்பிராயத்தை அச்சிட்டுத் தரும் யந்திரங்கள் ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகிவிட்டன. அவற்றின் யோக்கியதையை நடுநிலையோடு நிறுத்துப் பார்த்த பரீட்சையொன்று 1991இல் வெளியாயிற்று. நோய் இன்னதென்று வேறு வழிகளால் நிச்சயிக்கப்பட்ட 1,220 பேருடைய ரேகைகளை ஒன்பது கணிப்பொறி நிரல்களுக்கும் எட்டு இருதய நிபுணர்களுக்கும் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் கொடுத்தார்கள். சரியாகச் சொன்ன தீர்ப்புகளின் இடைநிலை விகிதம் நிபுணர்களுக்கு நூற்றுக்கு 76.3 என்றும், நிரல்களுக்கு 69.7 என்றும் வந்தது. ஆயினும் நிரல்களிலே சிறந்தவை நிபுணர்களிலே சிறந்தவர்களை ஏறக்குறைய எட்டிப் பிடித்திருந்தன.

அந்த நிரல்களெல்லாம் வைத்தியர்கள் வகுத்துக் கொடுத்த விதிகளைப் பின்பற்றியவை. இந்த அலை இத்தனை மில்லிமீட்டர் உயர்ந்தால் இன்ன நோய் என்று கட்டளையிட்டால், அந்தக் கட்டளையின்படி நடப்பவை. ஆறு வருஷம் கழித்து, 1997இல், ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரத்திலிருந்து வேறொரு வகையான செய்தி வந்தது. போ ஹெடேன், லார்ஸ் ஏடன்பிராண்ட் முதலியவர்கள், விதிகளைச் சொல்லிக் கொடுக்காமல், மாரடைப்பு நேர்ந்தவர்களுடைய ரேகைகள் 1,120ஐயும், நேராதவர்களுடைய ரேகைகள் 10,452ஐயும் கொண்டு, உதாரணங்களிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் ஒரு நரம்பு வலைப்பின்னல் நிரலைப் பழக்கிச் சோதித்தார்கள். ஆரோக்கியமுள்ளவரை நோயாளி என்று சொல்லும் பிழை இரு தரப்பிலும் சமமாக இருக்கும்படி வைத்துப் பார்த்தபோது, மாரடைப்பைக் கண்டுபிடிப்பதில் அந்த நிரல் பழைய விதி நிரலைவிட நூற்றுக்கு 15.5 பங்கும், அநுபவமுள்ள இருதய நிபுணர் ஒருவரைவிட நூற்றுக்கு 10.5 பங்கும் முந்தி நின்றது. குருவின் பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரக் கணக்கான கைகளைப் பிடித்துக் கற்ற சீடனுடைய மார்க்கத்தையே யந்திரமும் பிடித்துக்கொண்டது. தேரையருக்குப் பின் வந்த சீடர்களுக்கு வாழ்நாளில் கிடைத்திராத அளவு உதாரணங்கள் அதற்குச் சில நாட்களில் கிடைத்தன என்பதுதான் வித்தியாசம்.

பின்பு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2019இல் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், 53,549 பேரிடமிருந்து எடுத்த 91,232 ரேகைத் துண்டுகளால் பயிற்றிய ஒரு நிரல், துடிப்பின் ஒழுங்கைப் பன்னிரண்டு வகைகளாகப் பிரித்தறிவதில் நிபுணர்களின் சராசரியை மிஞ்சியதாக அறிவித்தார்கள். மிகையாகச் சொல்லாமையையும் தவறவிடாமையையும் சேர்த்து மதிப்பிடும் எண், நிபுணர்களுக்கு 0.780, நிரலுக்கு 0.837. அதே வருஷத்தில் மேயோ ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சியாளர்கள், இருதயத்தின் இறைக்கும் சக்தி குறைந்திருப்பதைச் சாதாரண ரேகையிலிருந்தே யந்திரம் கண்டறிவதைக் காட்டினார்கள். இது எந்த நிபுணரும் நாடாவை மாத்திரம் பார்த்து நிச்சயமாகச் சொல்லக்கூடியதன்று. ஆகவே இங்கே போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவ்வளவையும் கேட்டவர்கள், நாடா படிக்கும் வேலையை யந்திரத்தினிடம் ஒப்படைத்துவிடலாமே என்று எண்ணுவது இயற்கை. அப்படி எண்ணுவதற்கு முன் 2004இல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆராய்ச்சியையும் படிக்க வேண்டும். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கின்றன என்று கணிப்பொறி தீர்ப்பளித்த 1,085 பேருடைய ரேகைகளை மறுபடி பரிசோதித்ததில், 382 பேருக்கு அந்தத் தீர்ப்பு தவறு என்று தெரிந்தது. இதைவிடக் கவலைக்குரியது அடுத்த விவரம்: அந்த 382 பேரில் 92 பேருடைய விஷயத்தில், பக்கத்தில் இருந்த வைத்தியர் பிழையைத் திருத்தவில்லை, யந்திரம் அச்சிட்டதை அப்படியே ஏற்றுக்கொண்டு சிகிச்சையை மாற்றினார். அது விதி நிரல்களின் காலம், இன்றைய நிரல்கள் அவ்வளவு பிழை செய்வதில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் பிழை குறையக் குறைய அதை எதிர்பார்க்கும் மனமும் குறைகிறது என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். லைடனில் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் சென்ற ரேகை, இங்கே நூற்றுக் கணக்கான கிலோமீட்டர் செல்ல வேண்டியிருந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த தாமஸ் அலெக்ஸாண்டரும், சென்னையைச் சேர்ந்த அஜித் முல்லசாரியும், அவர்களோடு மற்ற நிபுணர்களும் 2012 முதல் 2014 வரையில் ஒரு முறையைச் சோதித்தார்கள்: நடுவில் ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனை, சுற்றிலும் சிறிய ஆஸ்பத்திரிகள், சிறிய இடத்தில் எடுத்த ரேகை உடனே பெரிய இடத்துக்குப் போகும், அங்கிருந்து வரும் யோசனையின்படி முதல் மருந்து கொடுத்து, 108 ஆம்புலன்ஸில் நோயாளியை அனுப்புவார்கள். இவ்விதமான நான்கு தொகுதிகளில் 2,420 நோயாளிகளைக் கவனித்ததில், ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்களின் விகிதம் நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2ஆகக் குறைந்தது. பெங்களூரில் தொடங்கிய ட்ரைகாக் போன்ற நிறுவனங்கள், சிறிய கிளினிக்கில் எடுத்த ரேகையை யந்திர அறிவைக் கொண்டு முதலில் வாசித்து, பின்பு ஒரு வைத்தியர் சரிபார்த்து, சில நிமிஷங்களில் பதில் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தன. 2023இல் தமிழக அரசாங்கம் இதயம் காப்போம் திட்டத்தைத் தொடங்கி, நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளின் முதல் அளவை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் கொடுக்க வழிசெய்தது.

தென்காசி 2019 நவம்பர் 22ஆம் தேதி தனி மாவட்டமாயிற்று. ஊரின் அரசு ஆஸ்பத்திரி மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியாக இருக்கிறது. ஆயினும் திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மதுரை அதைப்போல் மூன்று மடங்கு. புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை சுமப்பவருக்கோ, ஆலங்குளத்தில் பீடி சுற்றுகிறவருக்கோ, குற்றாலத்தில் சீசனுக்கு வந்து அருவியில் நின்ற வெளியூர்க்காரருக்கோ நடுநிசியில் நெஞ்சை அடைத்தால், அவர் முன்னே நிற்கப்போகிறவர் லுண்ட் நகரத்து நிபுணரும் அல்லர், ஸ்டான்ஃபோர்ட்டின் நிபுணர் குழுவும் அன்று. பிரசவமும் விஷக்கடியும் விபத்தும் சேர்த்து ஒருங்கே பார்த்துக்கொண்டிருக்கும் டியூட்டி டாக்டர் ஒருவர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஒப்பீடுகள் யந்திரத்தை மிகச் சிறந்த வாசகனோடு நிறுத்திப் பார்த்தன. இங்கேயோ யந்திரத்துக்கு எதிரே நிற்பது பெரும்பாலும் வாசகனே இல்லாத வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நிரப்ப வரும் யந்திரத்தை மறுப்பது தர்மமாகாது. மாரடைப்பில் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் இருதயத்தின் தசையைத் தின்கிறது; தூரத்து நிபுணர் விழித்தெழுந்து பார்க்கும் வரையில் யந்திரம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் நாடியின் சரித்திரத்தைப் படித்தவர்கள், இந்த உபகாரத்தின் விலையையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நாடாவைப் படிக்கும் வித்தையும் அப்பியாசத்தால் நிற்பது. யந்திரம் அச்சிட்ட வரியை மேலே வாசித்துவிட்டுக் கீழே உள்ள அலைகளைப் பார்க்கிற வைத்தியர், அந்த வரி சொன்னதைத்தான் அலைகளில் காண்பார். பத்து வருஷம் அப்படிப் பார்த்தவருக்கு, வரி தவறாக இருக்கும் நாளில் அதைத் தவறென்று சொல்லும் சக்தி இராது. நாடி தேய்ந்தபோது அதன் இடத்தில் நாடா இருந்தது. நாடா படிக்கும் கண் தேய்ந்தால், யந்திரத்தின் மேல் ஐயம் எழுப்புவதற்கு எதுவும் மிஞ்சாது. அன்றியும், வலி எப்போது தொடங்கிற்று, இடக்கைக்குப் பரவிற்றா, வியர்த்ததா, முன்பு இப்படி வந்ததுண்டா, வீட்டில் எவருக்கேனும் இந்த நோய் உண்டா என்ற கேள்விகளை ரேகை கேட்பதில்லை. பழைய வைத்தியர் மணிக்கட்டைத் தொடுவதற்கு முன்பே அறிந்திருந்த அந்த மற்றப் பாதியை, யாரேனும் ஒருவர் நோயாளியின் பக்கத்தில் நின்று கேட்டுத்தான் அறிய முடியும்.

ஆகையால் யந்திரத்தை வரவேற்கும் ஆஸ்பத்திரிகள் அதோடு ஒரு நியமத்தையும் ஏற்றுக்கொள்வது நலம்: அவசரமில்லாத ரேகைகளில், யந்திரத்தின் தீர்ப்பைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் வைத்தியர் தம்முடைய தீர்ப்பைத் தம் கையால் எழுதிவைக்க வேண்டும், இரண்டும் மாறுபட்ட ரேகைகளைச் சேர்த்துவைத்து, பிற்பாடு நோயாளிக்கு நேர்ந்ததைக் கொண்டு யார் சொன்னது சரி என்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூடிப் பார்க்க வேண்டும். ஒரு ரேகைக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் இது பிடிக்காது. நாடி வைத்தியருக்கு விரல் உணர்ந்ததைப் பதிவு செய்துவைக்க வழி இல்லாததனால் எவரிடத்தில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது தெரியாமலே போயிற்று. நமக்கு இரண்டு தீர்ப்புகளையும் எழுதிவைத்துச் சோதிக்கும் சௌகரியம் இருக்கிறது. அதைச் செய்கிற ஊரில், வைத்தியர் வல்லவரா யந்திரம் வல்லதா என்ற கேள்விக்கு விடையை வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து எதிர்பார்க்க வேண்டியதில்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டைப் புரட்டினால் போதும்.